கேட்பவருக்கு விளங்காத எச்சரிக்கை





2013 நவம்பர் 8, வெள்ளிக்கிழமை. ஹிஜ்ரி 1435 பிறந்தபின் வந்த முதல் ஜும்ஆ நாள். அன்று பொழுது விடியுமுன் பிலிப்பைன்ஸ் நாட்டின் கிழக்குக் கோடியில், சமார் தீவின் கீவான் என்னும் ஊரில் ஒரு புயல் கரையேறியது. உலகம் அதனை ‘ஹையான்’ என்றது. அந்நாட்டு மக்கள் தங்கள் வழக்கப்படி ‘யோலாண்டா’ என்றனர். உச்சத்தில் அதன் காற்றின் வேகம் மணிக்கு 315 கிலோமீட்டர் எனக் கணிக்கப்பட்டது. ஒரே நாளில் ஆறு இடங்களில் கரையேறி, தீவுக்குத் தீவு தாவி, நாட்டின் நடுப்பகுதியைக் குறுக்காகக் கடந்து மேற்குக் கடலில் இறங்கியது.

அரசின் கணக்கில் இறந்தோர் 6,300 பேர். காணாமற்போனோர் ஆயிரத்துக்கும் மேல். இடம்பெயர்ந்தோர் ஏறத்தாழ 40 லட்சம். சேதமுற்ற வீடுகள் சுமார் 11 லட்சம்; அவற்றுள் ஏறக்குறைய பாதி முற்றாக அழிந்தன. மிகுதியான உயிரிழப்பு லெய்தே தீவின் தலைநகராகிய தக்லோபானிலும் அதனை அடுத்த கடலோர ஊர்களிலும் நேர்ந்தது.

பத்தாண்டுகளுக்கும் முந்தைய இத்துயரத்தை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. நான் ஓதிக்கொடுக்கும் மத்ரஸா வங்கக் கடலோரத்தில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் எங்கள் ஊரில் ஒரு கண் கிதாபிலும் ஒரு கண் வானத்திலும் இருக்கும். சென்ற மழைக்காலத்தில் நூஹ் (அலை) அவர்களின் வரலாற்றை நடத்தியபின், உலகப்படத்தைச் சுவரில் மாட்டி, பிலிப்பைன்ஸைக் காட்டி, இப்புயலைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். பன்னிரண்டு வயது மாணவன் ஒருவன் எழுந்து, “அந்த ஊர்க்காரங்க என்ன பாவம் செஞ்சாங்க, ஹஸ்ரத்?” என்று கேட்டான்.

பிள்ளையின் கேள்விதான். ஆனால் பெரியவர்களிடமிருந்து அவன் கேட்டுக்கொண்ட கேள்வி அது. எங்கேனும் பூமி அதிர்ந்தால், கடல் பொங்கினால், நம்மில் சிலர் நாவில் முதலில் வருவது அதுதான். அக்கேள்விக்கு மார்க்கம் என்ன விடை தருகிறது என்பதைப் பின்னர் சொல்கிறேன். அதற்கு முன்னர் அங்கே உண்மையில் நடந்தது என்னவென்று பார்க்க வேண்டும். நடந்ததை அறியாமல் தீர்ப்புச் சொல்வது நம் மார்க்கம் கற்றுத் தந்த முறையன்று.

என் தம்பி அக்காலத்தில் குவைத்தில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை பார்த்தான். வளைகுடாவில் பிழைக்கச் சென்ற நம் பிள்ளைகள் பலரும் பிலிப்பைன்ஸ்காரர்களோடு ஒரே கூரையின்கீழ் வேலை செய்தவர்கள். அவர்களுடைய உழைப்பையும் நகைச்சுவையையும் நன்கு அறிந்தவர்கள். தம்பியோடு பணிபுரிந்த ஒருவருக்குத் தக்லோபானுக்கு அருகிலுள்ள ஒரு கடற்கரைச் சிற்றூர். புயலுக்கு முந்தைய இரவு அவர் தம் வீட்டாரோடு பேசியிருக்கிறார். “கூரையைக் கயிற்றால் கட்டியாயிற்று. அரிசியும் மெழுகுவர்த்தியும் வாங்கி வைத்தாயிற்று. நம் வீடு கல் வீடு, காற்று ஒன்றும் செய்யாது” என்று தந்தை ஆறுதல் கூறியிருக்கிறார். அதன்பின் ஆறு நாட்கள் அங்கிருந்து ஓசையில்லை. தொலைபேசிக் கோபுரங்கள் யாவும் சாய்ந்துவிட்டன. அவர் நாள்தோறும் வேலைக்கு வந்தார். வேலை முடிந்ததும் கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் அமர்ந்திருந்தார். தம்பியும் தோழர்களும் இஷா தொழுதுவிட்டு வந்து அவருடன் அமர்வார்களாம்.

ஏழாம் நாள் வேறொரு தீவிலிருந்த உறவினர் அழைத்தார். தாயும் தங்கையும் அண்டை வீட்டுக் கூரையைப் பற்றிக்கொண்டு உயிர் பிழைத்தனர். தந்தையின் உடல் கிடைக்கவில்லை. சில மாதங்கள் கழித்துத் தாயார் மகனிடம் கூறியதைத் தம்பி எனக்குச் சொன்னான்: “நாங்கள் காற்றுக்காகக் காத்திருந்தோம். வந்தது கடல்.”

“காக்கா, கடல் வரும்னு அவங்களுக்கு யாருமே சொல்லலையா?” என்று தம்பி என்னிடம் கேட்டான்.

சொல்லியிருந்தார்கள். இந்தச் செய்தியின் மிகக் கனமான பகுதி அதுதான்.

அந்நாட்டு வானிலைத் துறையான பகாசா ஏழு மீட்டர் வரை கடல் உயரக்கூடும் என முன்னதாகவே அறிவித்திருந்தது. முந்தைய நாள் மாலை நாட்டின் அதிபரே தொலைக்காட்சியில் தோன்றி மக்களை எச்சரித்தார். ஆனால் அறிவிப்பில் பயன்படுத்தப்பட்ட சொல் ‘ஸ்டார்ம் சர்ஜ்’ என்ற ஆங்கிலச் சொல். லெய்தே, சமார் கரையோர மக்களின் தாய்மொழி வராய். மீனவர், தேங்காய் உரிப்போர், சிறு கடை நடத்துவோர் எனப் பலருக்கு அச்சொல் எதனையும் உணர்த்தவில்லை. வானிலையாளருக்கு அது விளங்கிய சொல். வானொலியில் படித்தவருக்கு வாசிக்கத் தெரிந்த சொல். கேட்ட தாய்க்கு வெறும் ஓசை. பின்னாளில் அம்மக்கள் பலரும் ஒன்றையே திரும்பத் திரும்பக் கூறினர்: “சுனாமி என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம்.” 2004-இலும் 2011-இலும் தொலைக்காட்சியில் கண்ட காட்சிகள் அச்சொல்லுக்கு அவர்கள் மனத்தில் ஓர் உருவத்தைத் தந்திருந்தன. ‘ஸ்டார்ம் சர்ஜ்’ என்பதற்கு உருவமே இருக்கவில்லை.

அது என்ன என்பதை நாமும் தெரிந்துகொள்வோம். பெரும்புயல் கரையை நோக்கி வரும்போது அதன் காற்று கடல்நீரை ஓயாமல் முன்னே தள்ளிக்கொண்டு வருகிறது. புயலின் நடுவே காற்றழுத்தம் குறைவதால் அங்கே கடல்மட்டமும் சற்று உயர்கிறது. ஆழமான கடலில் தள்ளப்படும் நீர் கீழிறங்கிப் பரவிவிடும். ஆழமற்ற விரிகுடாவில் அதற்கு வழியில்லை. ஊருக்குள்தான் ஏற வேண்டும். தக்லோபான் அமைந்திருக்கும் சான் பெத்ரோ விரிகுடா வாய் அகன்று உள்ளே குறுகும் புனலைப் போன்றது, ஆழமும் குறைவு. புயல் நெருங்கியபோது முதலில் காற்று நீரை வெளியே தள்ளியதால் கடல் பின்வாங்கியது. புயல் நகர்ந்து காற்றின் திசை மாறியதும் அந்நீரெல்லாம் ஐந்து, ஆறு மீட்டர் உயரத்துக்கு ஊருக்குள் திரும்பியது. பெருங்கப்பல்கள் குடியிருப்புகளின் மேல் ஏறி நின்றன. அவற்றுள் ஒன்றின் முகப்புப் பகுதி இன்றும் அவ்விடத்திலேயே நினைவுச் சின்னமாக நிற்கிறது.

மக்கள் அசட்டையாக இருந்தார்கள் என்று கூறிவிட முடியாது. ஆண்டுக்கு இருபது அளவில் புயல்கள் வந்து போகும் நாடு அது. காற்றின் கடுமையை அறிவிக்க அங்கே எண்கள் இருந்தன. அப்போது நடைமுறையில் இருந்த மிக உயர்ந்த எண் 4, அவ்வெண்ணும் அறிவிக்கப்பட்டது. எண் நான்கு என்றால் கூரை பறக்கும், மரம் சாயும் என்று சிறு பிள்ளைக்கும் தெரியும். ஆகவே உறுதியான சுவரைத் தேடினார்கள். உயரமான தரையைத் தேட வேண்டும் என்பது அந்த எண்ணில் இல்லை. அரசு ஒதுக்கிய புகலிடங்கள் சிலவும் காற்றைத் தாங்கும் கட்டடங்களாக இருந்தனவே தவிர, நீர் எட்டாத இடத்தில் இல்லை. புகலிடம் தேடி அங்கே சென்றவர்களுள் சிலர் அங்கேயே மூழ்கினர்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அந்தக் கடல் அவ்வூருக்குள் வந்தது அன்று முதல் முறையன்று. 1897 அக்டோபரில் சமார், லெய்தே தீவுகளை இதேபோன்றதொரு புயல் தாக்கிக் கடல் ஊருக்குள் புகுந்தது. மணிலா வானாய்வகத்தைச் சேர்ந்த ஹோசே அல்கே என்னும் பாதிரியார் அடுத்த ஆண்டே அதனைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1912-லும் தக்லோபான் ஒரு புயலால் பேரழிவு கண்டதாகச் செய்தித்தாள்கள் எழுதின. நூல் நூலகத்தில் இருந்தது. செய்தி பழைய தாளில் இருந்தது. பாட்டியின் வாயிலிருந்து பேரப்பிள்ளையின் காதுக்கு அது வந்து சேரவில்லை. நூறாண்டுகளில் ஓர் ஊர் தன் கடலையே மறந்துவிட முடியும்.

இதற்கு நேர்மாறான ஒரு தீவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதுவும் முஸ்லிம்களின் தீவு. இந்தோனேசியாவின் ஆச்சே மாநிலத்துக்கு மேற்கே சிமுலுவே என்றொரு தீவு உண்டு. 1907-இல் அங்கே நிலம் அதிர்ந்து, கடல் வற்றி, பின்னர் பேரலையாகத் திரும்பி மக்களைக் கொண்டுபோனது. பிழைத்தவர்கள் அதற்குத் தங்கள் மொழியில் ‘ஸ்மோங்’ என்று பெயரிட்டனர். நிலம் பலமாக ஆடினால், கடல் பின்வாங்கினால், எதனையும் எடுக்க நிற்காமல் குன்றுக்கு ஓட வேண்டும் என்பதைத் தாய்மார்கள் தாலாட்டிலும் மூத்தவர்கள் கதையிலும் வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தனர். தொண்ணூற்றேழு ஆண்டுகள் கழித்து, 2004 டிசம்பர் 26 அன்று நிலம் அதிர்ந்தது. அதிர்ச்சியின் மையத்துக்கு மிக அருகில் இருந்த தீவுகளுள் சிமுலுவேயும் ஒன்று. அங்கே எச்சரிக்கைக் கருவியும் இல்லை. வானொலி அறிவிப்புக்கு நேரமும் இல்லை. ‘ஸ்மோங், ஸ்மோங்’ என்ற கூக்குரல் மட்டும் எழுந்தது. பல்லாயிரம் மக்கள் வாழ்ந்த அத்தீவில் உயிரிழந்தோர் மிகச் சிலரே.

ஒரு சொல் ஒரு தீவைக் காத்தது. ஒரு சொல் இல்லாமையால் வேறொரு தீவில் ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர்.

ஹையான் வீசிய அன்றே, அதே பிலிப்பைன்ஸில், நன்கு சொல்லப்பட்ட எச்சரிக்கைக்கும் ஒரு சான்று கிடைத்தது. செபு மாகாணத்துக் கமோட்டெஸ் தீவுகளில் துலாங் தியோத் என்னும் மிகச் சிறிய தீவு இருக்கிறது. அதன் மக்கள்தொகை ஏறத்தாழ ஆயிரம். புயலுக்கு முன்பே அனைவரும் அத்தீவைவிட்டு வெளியேற்றப்பட்டனர். புயல் கடந்தபின் தீவில் ஒரு வீடும் மிஞ்சவில்லை. ஆயினும் ஓர் உயிர்கூடப் போகவில்லை. அத்தீவை உள்ளடக்கிய நகராட்சியில் மக்கள் சிறு சிறு குடியிருப்புக் குழுக்களாகப் பல ஆண்டுகளாகப் பழக்கப்படுத்தப்பட்டிருந்தனர். குழுவின் தலைவர் அவர்களுள் ஒருவர். யார் வீட்டில் முதியவர், யார் வீட்டில் கைக்குழந்தை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். எச்சரிக்கை அங்கே மேலிருந்து வீசப்பட்ட சொல்லாக வரவில்லை. அண்டை வீட்டார் கதவைத் தட்டிச் சொன்ன செய்தியாக வந்தது.

இப்போது மாணவனின் கேள்விக்கு வருகிறேன்.

புயல் தாக்கிய விசயாஸ் தீவுகளில் பெரும்பான்மையோர் கத்தோலிக்கர். பிலிப்பைன்ஸ் முஸ்லிம்கள் பெரும்பாலும் தெற்கே மிந்தனாவோ, சுலு பகுதிகளில் வாழ்கின்றனர். ‘அதனால்தான் புயல் வடக்கே போயிற்று’ என்று பேசியவர்களை நான் அறிவேன். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றே. 2004-இல் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட ஆச்சே எத்தகைய பூமி? தென்கிழக்காசியாவில் இஸ்லாம் முதன்முதலாக வேரூன்றிய இடங்களுள் ஒன்று அது. ‘மக்காவின் முற்றம்’ என்று தன்னை அழைத்துக்கொள்வது. பேரிடர் சமயம் பார்த்துத் தேர்ந்தெடுத்தால், ஆச்சேக்கு என்ன விளக்கம் சொல்வோம்?

நம் வரலாற்றிலும் விடை இருக்கிறது. உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் ஷாம் நாட்டில் அம்வாஸ் என்னும் கொள்ளைநோய் பரவியது. அதில் மரணமடைந்தவர்களுள் அபூ உபைதா (ரலி), முஆத் இப்னு ஜபல் (ரலி) ஆகியோரும் இருந்தனர். அபூ உபைதா (ரலி) அவர்கள் சுவர்க்க நற்செய்தி பெற்ற பதின்மருள் ஒருவர். துன்பம் வந்து சேர்வது பாவத்துக்கு அத்தாட்சி என்று எவரேனும் கூறினால், அப்பெருமக்களைப் பற்றி அவர் நாக்கூசாமல் என்ன சொல்லிவிட முடியும்? நீரில் மூழ்கி இறப்போரை ஷஹீதுகளின் வரிசையில் வைத்து எண்ணிய நபிமொழியை ஓதியிருக்கும் நாம், மூழ்கிய மனிதரைப் பார்த்ததும் குற்றவாளி என முடிவு கட்டுவது எவ்விதம் பொருந்தும்? முந்தைய சமூகங்கள் மீது இறங்கிய வேதனையை இறைவன் நமக்கு வஹீயின் வாயிலாக அறிவித்தான், அறிந்தோம். இன்றைய புயலைப் பற்றி நமக்கு வஹீ வரவில்லை. அறிவிக்கப்படாத ஒன்றை அறிந்ததாகப் பேசுவது அல்லாஹ்வின் பெயரால் பேசுவதாகும். அதற்கு அஞ்ச வேண்டும்.

அதே அம்வாஸ் நிகழ்ச்சியில் உமர் (ரலி) அவர்கள் செய்ததையும் பாருங்கள். ஷாமின் எல்லைவரை வந்திருந்த கலீஃபா, நோயின் செய்தி கேட்டதும் ஆலோசனை கலந்து படையோடு திரும்பினார்கள். இறைவிதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று வினவப்பட்டபோது, இறைவனின் ஒரு விதியிலிருந்து இன்னொரு விதியை நோக்கியே செல்வதாக விளக்கினார்கள். தவக்குல் என்பது எச்சரிக்கையைக் கேட்டும் வாளாவிருப்பதன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை. துலாங் தியோத் மக்கள் படகேறியதும் விதிதான். அவர்கள் உயிரோடிருப்பதும் விதிதான்.

ஆகவே நான் பிள்ளைகளுக்குச் சொன்னது இது: யாருடைய பாவம் என்று கேட்பவர், யாருடைய பொறுப்பு என்று கேட்க மறந்துவிடுகிறார். முதற்கேள்விக்கு விடை நம்மிடம் இல்லை. இரண்டாம் கேள்விக்கு விடை தேடலாம், தேட வேண்டும். கடல் உயரும் என்று அறிந்தவர்கள் அதனை அறியாதவருக்கு விளங்கும்படி சொன்னார்களா? புகலிடத்தைத் தேர்ந்தவர்கள் அதன் தரைமட்டத்தை அளந்தார்களா? மூத்தோர் கண்டதை இளையோரிடம் ஒப்படைத்தார்களா?

பொறுப்பின் எல்லை அந்நாட்டோடு முடிவதுமில்லை. ஹையான் கரைகடந்த மூன்றாம் நாள், போலந்தின் வார்சா நகரில் உலக நாடுகளின் காலநிலை மாநாடு தொடங்கியது. பிலிப்பைன்ஸ் குழுவின் சார்பில் பேசிய யெப் சானோ கண்ணீர் விட்டார். அவருடைய சகோதரர் அப்போது தக்லோபானில் இறந்தோரின் உடல்களைத் தம் கைகளால் திரட்டிக்கொண்டிருந்தார். மாநாட்டில் பயனுள்ள முடிவு காணும்வரை உணவு கொள்வதில்லை என்று சானோ அறிவித்தார். கடல் வெப்பமடைந்தால் புயலுக்கு வலுக் கூடும். கடல்மட்டம் உயர்ந்தால் புயல் தள்ளும் நீர் இன்னும் உள்ளே வரும். வானத்தில் புகையைச் சேர்த்ததில் சிறு பங்கே உடைய ஒரு தீவு நாடு, அதன் விலையில் பெரும்பங்கைத் தன் பிள்ளைகளைக்கொண்டு செலுத்துகிறது. பசியோடு நின்று அவர் எழுப்பிய வழக்கு அதுவே. நோன்பை அறிந்த சமூகமாகிய நமக்கு அம்மொழி விளங்க வேண்டும்.

புயலுக்குப் பிந்தைய ஆண்டுகளையும் எண்ணிப் பாருங்கள். அக்கரையோரத்தின் வாழ்வு தென்னையை நம்பியது. ஏறத்தாழ 3 கோடியே 30 லட்சம் தென்னைகள் சேதமுற்றன. புதிதாக நடும் கன்று நல்ல காய்ப்புக்கு வர ஆறு முதல் எட்டு ஆண்டுகள் ஆகும். அதுவரை அக்குடும்பம் எதைத் தின்னும்? மீனவர் பலர் படகிழந்தனர். கரையை ஒட்டிய பகுதியில் இனி வீடு கூடாது எனக் கூறப்பட்டவர்கள் நகரின் வடக்கே புதிய குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தனர். உயிருக்கு அஞ்ச வேண்டியதில்லை, ஆனால் பிழைப்புக்கான கடல் தொலைவில். தக்லோபானின் பொதுப் புதைகுழியில் ஈராயிரத்துக்கும் மேற்பட்டோர் அடக்கம் செய்யப்பட்டனர். அவர்களுள் பலருக்கு இன்ன பெயர் என்று கூற ஆளில்லை. அதனால் அங்கே ஒவ்வொரு நவம்பரிலும் வரும் குடும்பங்கள் ஏதேனும் ஓரிடத்தில் ஒரு பெயரை எழுதி வைத்து, மலர் சாத்தி, நின்றுவிட்டுப் போகின்றன. தம்பியோடு வேலை செய்தவரின் தாயும் அவ்வாறே நிற்பவர். ஜனாஸாவைக் குளிப்பாட்டி, கஃபனிட்டு, தொழுது, மண் கொடுத்து அனுப்புவது எத்தகைய நிஃமத் என்பதை அத்தாயின் நிலையை எண்ணும்போதெல்லாம் உணர்கிறேன்.

அச்சமூட்டி எச்சரித்தலை அரபியில் ‘இன்தார்’ என்கிறோம். நபிமார்கள் நற்செய்தி கூறுவோராகவும் எச்சரிப்போராகவும் அனுப்பப்பட்டனர். ஒவ்வொரு தூதரும் தம் சமூகத்தாரின் மொழியைக் கொண்டே அனுப்பப்பட்டார் என்றும், அவர்களுக்குத் தெளிவுபடுத்துவதே அதன் நோக்கம் என்றும் சூரா இப்ராஹீம் நமக்குக் கற்பிக்கிறது. இவ்வசனத்தைப் பலமுறை நடத்தியிருக்கிறேன். தக்லோபானைப் பற்றி அறிந்தபின் அதன் கனம் எனக்குக் கூடியிருக்கிறது. சொன்னதோடு சொன்னவரின் கடமை முடிவதில்லை. கேட்டவருக்குத் தெளிவானபோதுதான் முடிகிறது. இது ஓர் அமானத்.

பிலிப்பைன்ஸ் அப்பாடத்தைப் படித்துக்கொண்டது. ஓராண்டு கழித்து, 2014 டிசம்பரில் ஹகுபிட் என்னும் புயல் அதே கிழக்குச் சமாரைத் தாக்கியபோது, பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்குச் சென்றனர். அது ஹையானைவிட வலுக்குறைந்த புயல்தான். ஆயினும் உயிரிழப்பு ஆயிரங்களில் இல்லை. சில பத்துகளுக்குள் அடங்கியது. கடல் உயர்வதற்கெனத் தனி எச்சரிக்கையும் பின்னர் அங்கே நடைமுறைக்கு வந்தது.

நம் கரைக்கு வருவோம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்ததும், பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயிலைக் கொண்டுபோனதும் காற்று மட்டுமன்று. புயல் தள்ளிவந்த கடலே. எங்கள் வாப்பா அதனை ‘கடல் ஏறி வந்த இரவு’ என்பார். எவ்வளவு விளங்கும் சொல் பாருங்கள்! இன்றோ, புயல் நாட்களில் துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு, ஏழாம் எண் கூண்டு ஏற்றப்பட்டதாகச் செய்தி வருகிறது. கூண்டின் எண் கப்பலோட்டிகளுக்கானது. கடற்கரைத் தெருவில் வாழும் ஒரு விதவைத் தாய்க்கு ஏழு என்றால் என்ன? வீட்டிலிருக்கலாமா, போக வேண்டுமா, போனால் எங்கே? தக்லோபானில் எண் நான்கு சொல்லாமல் விட்டதையே நம் கூண்டின் எண்ணும் சொல்லாமல் விடுகிறது.

எங்கள் மஹல்லாவில் மூன்று சிறு ஏற்பாடுகளைச் செய்திருக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். புயல் அறிவிப்பு வந்தால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அதனை அப்படியே வாசிப்பதில்லை. ‘கடல் நம் தெருவரை ஏறக்கூடும், அஸருக்குள் மேட்டுத் தெருப் பள்ளிக்கூடத்துக்குச் செல்லுங்கள்’ என இடமும் நேரமும் வைத்து ஊர்மொழியில் சொல்கிறோம். ஒவ்வொரு தெருவிலும் தனித்து வாழும் முதியோர், நோயாளிகள், கைக்குழந்தை உள்ள வீடுகள் ஆகியவற்றின் பட்டியலை இரண்டு இளைஞர்கள் வைத்திருக்கிறார்கள். மதம் பாராமல் எல்லா வீடுகளும் அதில் உண்டு. மத்ரஸாப் பிள்ளைகள் ஆண்டுக்கொரு முறை, மழைக்காலம் தொடங்குமுன், ஓதி முடித்ததும் வரிசையாக மேட்டுத் தெருவுக்கு நடந்து சென்று திரும்புகிறார்கள். விளையாட்டாகத்தான் நடக்கிறார்கள். கால்கள் வழியை நினைவில் வைத்துக்கொள்ளும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இன்று மஃரிபுக்குப் பின் உங்கள் வீட்டு மூத்தவரிடம் கேளுங்கள்: நம் ஊரில் கடலோ, ஆறோ, கண்மாயோ எவ்வளவு தூரம் ஏறி வந்தது? எந்த ஆண்டு? எந்தச் சுவர்வரை? அவர் சொல்வதைப் பிள்ளைகளையும் அருகில் வைத்துக் கேளுங்கள். முடிந்தால் அவர்களை அழைத்துச் சென்று அந்தச் சுவரைக் காட்டுங்கள். அதற்கு உங்கள் ஊரில் வழங்கும் சொல் எதுவோ, அந்தச் சொல்லையே அவர்களுக்குக் கொடுங்கள். நாளை இன்ஷா அல்லாஹ் அதற்குத் தேவையே வராமல் போகலாம். வந்தால், வானொலி மௌனமான பின்னும் அச்சொல் வீட்டுக்குள் இருக்கும்.

யா அல்லாஹ்! கடலோரத்தில் வாழும் எல்லா மக்களையும் நீ காப்பாயாக! உற்றாரை இழந்தோருக்கு ஆறுதலையும் பிழைப்பை இழந்தோருக்கு வாழ்வாதாரத்தையும் தந்தருள்வாயாக! அறிந்ததை உரிய நேரத்தில், உரிய மொழியில் சொல்லும் நாவை எங்களுக்கும், கேட்டவுடன் எழுந்து நடக்கும் கால்களை எங்கள் பிள்ளைகளுக்கும் தருவாயாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.